உப்பு டப்பாவுக்கு அடியில் முனை

ஊசியக்காவுக்குப் பயம் என்று சொன்னால் அந்தத் துறைமுகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கிழிந்த பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருகிற படகுக்காரன் எவ்வளவு பெரிய மீசை வைத்திருந்தாலும் சரி, "இதைக் கிழிச்சது காத்தா, உன் கொழுப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியைக் கையில் வாங்குவாள். படகுக்குப் பாய் தைப்பாள். கடை வாசலுக்கு நிழல் துணி தைப்பாள். படகு மெத்தைகளுக்கு உறை தைப்பாள். கையில் ஊசி ஏறிய வடு மட்டும் பதினேழு. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரோடு போயிற்று.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. தரையில் பள்ளம் தோண்டி, தையல் மிஷினை அதற்குள் இறக்கியிருந்தாள். மிஷின் பலகை தரைமட்டத்துக்கு இருந்தால்தான் முப்பதடித் துணியை இழுத்து இழுத்துத் தைக்க முடியும். அவள் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே பள்ளம், இடுப்புக்கு மேலே துணி. வருகிறவர்களுக்குத் தலையும் இரண்டு கையும்தான் தெரியும். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப். அதன் முனை நைந்து நூல் நூலாகப் பிரிந்துபோனதால், என்றோ ஒரு நாள் மூன்று அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டாள். அந்த டேப் மூன்றில் ஆரம்பித்து அறுபதில் முடியும். எதை அளந்தாலும் அவள் மனசு தானாக மூன்றைக் கழித்துக்கொள்ளும். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் "புதுசு ஒண்ணு வாங்கேம்மா" என்பாள்.

"இதுக்கென்னடி கொறைச்சல்? என்னை மாதிரி முன்பல்லு மட்டும்தான் இல்ல" என்பாள் ஊசியக்கா.

இப்படி வாய் பேசுகிறவளுக்குத்தான் கடல் என்றால் ஈரக்குலை நடுங்கும். காரணம் இருக்கிறது. அவள் அப்பாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர். மூத்தவரான பெரியப்பாவைக் கடல் கொண்டது. அதற்கு நான்கு வருஷம் கழித்து அப்பாவின் அத்தை மகன். மூன்றாவதாகத்தான் அவளுடைய சொந்த அண்ணன். மூவரையும் கொண்டது ஒரே இடம். கரையிலிருந்து கடலுக்குள் ஆறு மைல் தூரத்துக்கு மணல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அங்கே நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், காற்று எதிர்ப்பக்கம் தள்ளும். நடுவில் அகப்பட்ட படகு உரலுக்குள் அகப்பட்ட நெல்தான்.

அண்ணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒன்பது மாதம். அவன் கொண்டுபோன பாயில் ஒரு கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தவள் ஊசியக்காதான். அதுதான் அவள் முதன்முதலாகத் தனியாகச் செய்த வேலை, பதினாறு வயதில். அவளும் அண்ணியும் துறைமுக அலுவலக ஜன்னலோரத்தில் பத்தொன்பது நாள் நின்றார்கள். ஜன்னல் கம்பியின் பச்சைப் பெயின்ட் அவர்கள் கைபட்டே உரிந்தது. இருபதாம் நாள் மூன்று ஊர் தள்ளி ஒரு கரையில் பாய் ஒதுங்கியது. துணி நாலா பக்கமும் கிழிந்திருந்தது. அவள் போட்ட ஒட்டு மட்டும் அப்படியே இருந்தது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஆள்தான் வரவில்லை.

அன்றைக்கு அவள் மனசுக்குள் ஒரு சபதம். கடலுக்குப் போகமாட்டேன் என்பதல்ல அது. இனி எவருக்காகவும் கரையில் நின்று காத்திருக்கமாட்டேன். கடலைவிட அந்த ஜன்னல்தான் அவளுக்குப் பெரிய பயம்.

அதனால் கல்யாணத்துக்கும் கடலோடிகளை வேண்டாம் என்றாள். கட்டிக்கொண்டது ஒரு மெக்கானிக்கை. ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரும் பயணிப் படகின் இன்ஜின் அறையில் வேலை. காலையில் போவார், சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு வந்துவிடுவார். கரை கண்ணிலிருந்து மறையாத வேலை. முப்பத்தொரு வருஷம் நிம்மதியாகத்தான் ஓடியது.

பிறகு மனிதர் ஓய்வு பெற்றார். இருந்திருந்து அவருக்கு ஆசை வந்தது. படகுப் பட்டறையின் மூலையில் பாதி அழுகிக் கிடந்த ஒரு முப்பதடிப் பாய்ப் படகை எடுத்துப் பலகை மாற்றி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி இரண்டு வருஷத்தில் உயிர் கொடுத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்பிள்ளைக்கு ஓய்வுக் காலத்தில் கைவேலை வேண்டும், படகு கரையில் நிற்கிறவரை படகும் ஒரு கட்டில்தானே என்று நினைத்தாள். அந்தப் படகின்மேல் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. பட்டறைப் பக்கமே போகவில்லை.

அப்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. மகளும் மருமகனும் இருப்பது அதே கரையோரத்தின் கடைசித் துறைமுகம். மருமகன் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர். அவர் படகு பாறையில் ஏறிப் பிளந்துவிட்டது.

"எதுக்கு வேற படகு தேடணும்?" என்றார் மெக்கானிக். "நம்ம படகு இருக்கே. நானே ஓட்டிக்கிட்டு வரேன். பன்னெண்டு நாளு."

"லாரியில ஏத்தி அனுப்புங்களேன்" என்றாள் ஊசியக்கா.

"மலைப் பாதையில முப்பதடி எப்படி வளையும்? பேசறா பாரு."

"அப்ப நானும் வரேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீயா? குளிக்கிற தொட்டியிலேயே பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ நீ."

"நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது இருக்கட்டும். உங்களைத் தனியா அனுப்பிட்டு ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

அன்று முதல் சமையலறை மேஜையில் கடல் வரைபடம் விரிந்தது. இரண்டு வழி இருந்தது. வெளிவழி கடலோடு போய் முனையைச் சுற்றும். முனைக்கு முன்னும் பின்னும் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. இரண்டு பகல், இரண்டு இரவு ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். இன்னொன்று உள்வழி. முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆற்று வாய்க்குள் நுழைந்து, பழைய சரக்குக் கால்வாய் வழியாக இன்ஜினை ஓட்டி நான்கு நாள் போனால் முனைக்கு அப்பால் வெளியே வந்துவிடலாம். இரண்டு பக்கமும் கரை. பயந்தால் எட்டிக் குதித்து நடந்தே போகலாம்.

"உள்வழிதான்" என்று மெக்கானிக் சொன்ன பிறகே அவளுக்குச் சோறு இறங்கியது. ஆனாலும் படத்தில் அந்த முனையைப் பார்க்க அவளால் முடியவில்லை. கோணல் விரல் ஒன்று கடலைச் சுட்டுவது போல இருந்தது. அவர் படத்தை விரிக்கும்போதெல்லாம், காற்றில் பறக்காமலிருக்க ஒரு கனம் வைப்பவள் போல, உப்பு டப்பாவைக் கொண்டுவந்து சரியாக முனையின்மேல் வைப்பாள். அவர் எடுத்து ஓரமாக வைப்பார். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் டப்பா மறுபடி முனைமேல் இருக்கும்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது படகுப் பட்டறைக்குக் கிரேன் வந்து பாய்மரத்தைத் தூக்கிப் படகில் நிறுத்திவிட்டுப் போனது. அன்று சாயங்காலம் மெக்கானிக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"உள்வழி ஆகாது."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஏன்?"

"கால்வாயில ஒரு ரயில் பாலம். தூக்குற பாலம் இல்ல, அசையாத இரும்பு. நாப்பத்திரெண்டு அடிக்கு மேல உயரம் போகாதுன்னு போட்டிருக்கான். நம்ம மரம் நாப்பது அடி. அது நிக்கிற இடமே தண்ணிக்கு மேல மூணு அடி. கூட்டிப் பாரு."

நாற்பத்து மூன்று. அவள் கூட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஒரு அடிதானே. தண்ணி கொஞ்சம் வத்துற நேரமாப் பார்த்து..."

"அது கதவு போட்டு அடைச்ச கால்வாய். தண்ணி ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது."

"மரத்தைக் கழட்டிப் படுக்க வெச்சுக்கலாமே?"

"கழட்ட இங்க கிரேன் இருக்கு. நிறுத்த அந்தப் பக்கம் யாரு இருக்கா? உங்க அப்பனா?"

அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். மெக்கானிக் மேஜைமேல் இருந்த உப்பு டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்தார். முனை வெளியே தெரிந்தது.

அவர் அளவில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இன்ஜின்காரர். மயிரிழை பிசகினால் இன்ஜின் உறுமும் என்று முப்பது வருஷம் சொன்ன வாய். பயம் வந்த இடத்தில் கேள்வி எப்படி வரும்?

அன்று முதல் ஊசியக்காவின் வீட்டில் பயம் ஒரு விருந்தாளி போல வந்து உட்கார்ந்தது. பல் தேய்க்கும்போதே கூட நின்றது. ரேடியோவில் காற்று நிலவரம் சொல்லும்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள். கேட்டதும் அடுப்பு அணைந்ததை மறந்துவிடுவாள். தெருவில் நிழல் துணி படபடத்தால் திடுக்கிடுவாள். அந்தத் துணியைத் தைத்தவளே அவள்தான்.

பயத்துக்கு அவளிடம் ஒரே வைத்தியம், தைப்பது. புயலுக்கென்று கனத்த துணியில் சின்னப் பாய் ஒன்று தைத்தாள். பிறகு இரண்டு பட்டை இடுப்புவார். படகிலிருந்து விழுந்தாலும் கயிற்றோடு தொங்கலாம். எல்லாம் நாலு வரிசைத் தையல். அது தாங்குமா என்று பார்க்க மெக்கானிக்கின் இடுப்பில் கட்டி, முன்னறை உத்தரத்து வளையத்தில் மாட்டித் தொங்கவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தாள். அண்ணனை இழந்தவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வை. நாக்கில் காரத்துக்குக் குறைவில்லை.

"என்ன அண்ணே, வௌவால் வேஷமா?" என்றாள்.

"உன் நாத்தனார் பண்ற கூத்து, தங்கச்சி. எறக்கிவிடச் சொல்லு. ரத்தம் தலைக்கு ஏறுது."

"ஏறட்டும். தலையில ஏதாச்சும் இருக்கட்டும்" என்றாள் அண்ணி.

இறக்கிவிட்டதும் அவர் படகுப் பட்டறைக்குப் போனார். அண்ணி பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஊசியக்கா மிஷினைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"வெளிவழியாமே?"

"ம்."

"போகாதேன்னு சொல்ல வந்தேன். சொன்னா கேக்க மாட்டே. அதனால ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்க. இத்தனை வருஷமா உன்கிட்ட சொல்லல." அண்ணி துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "உங்க அண்ணனும் உள்வழியாப் போறேன்னுதான் என்கிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போனாரு. ஆத்து வாய்க்குள்ள திரும்பாம நேராப் போனதைப் பார்த்தவங்க இருக்காங்க. ரெண்டு நாள் மிச்சமாகும்னு நெனச்சிருக்கார். சீக்கிரம் வீட்டுக்கு வரலாம்னு."

மிஷின் நின்றது. "அண்ணி..."

"எனக்காக அவசரப்பட்டாரோ என்னமோ. அந்த ரெண்டு நாளை நான் என்னடி பண்ணியிருப்பேன்?"

இரண்டு பேரும் அழவில்லை. அழுது முடித்த விஷயம் அது. அண்ணி போன பிறகு ஊசியக்கா இடுப்புவாரின் தையலை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள்.

மிச்சமிருந்தது பெரிய பாய். வழக்கமாகப் பாய்க்கு அளவெடுக்க அவளே படகுக்குப் போவாள். "அடுத்தவன் எடுத்த அளவுல தைக்கிறது அடுத்தவன் பல்லால மெல்றது மாதிரி" என்பது அவள் சொல். இந்த ஒரு படகுக்கு மட்டும் கால் எழவில்லை. "நீங்களே அளந்து சொல்லுங்க" என்றாள். மரம் படுத்துக் கிடந்தபோதே அளந்து வைத்திருந்த நோட்டைப் பார்த்து அவர் சொன்னார். மரத்தையொட்டி ஏறும் பக்கம் முப்பத்தைந்து அடி. அவள் முப்பத்தைந்து அடிக்கே வெட்டினாள், தைத்தாள். இத்தனை வருஷத்தில் தன் கையால் அளக்காமல் தைத்த முதல் பாய் அது.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது பாயை ஏற்றிப் பார்த்தார்கள். இனியும் போகாமலிருக்க முடியாது என்று அவளும் போனாள். படகில் ஏறவில்லை, படகுத்துறை மேடையில் நின்றாள். பட்டறைக்காரரும் நாலைந்து படகுக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். ஊசியக்கா தன் சொந்தப் படகுக்குத் தைத்த பாய் அல்லவா.

கயிறு இழுத்தார் மெக்கானிக். பாய் ஏறியது, ஏறியது, உச்சியில் போய் முட்டி நின்றது. கீழே பார்த்தால் பாயின் அடிப்பக்கம் இறங்கிப் படகுத் தளத்தில் புரண்டுகொண்டிருந்தது, பெரியவர் சட்டையைப் போட்ட குழந்தை மாதிரி.

பிறகு பட்டறைக்காரர் சொன்னார்: "என்னக்கா, மிச்சத் துணியில எனக்கொரு சட்டை தைக்கலாம் போலிருக்கே!"

"சட்டை என்ன, உங்க வயித்துக்கு ரெண்டா வரும்" என்றாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டதே தவிர முகம் செத்துப்போனது.

"கண்ணு போச்சா உனக்கு?" என்றார் மெக்கானிக். எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் நடுக்கம் இருந்தது, கோபமாக வந்தது. அது அவளுக்குப் புரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அவமானத்தைவிட பயம்தான் அதிகம். முப்பத்தைந்து அடியை ஒழுங்காக வெட்டத் தெரியாத கை தைத்த இடுப்புவாரையா நம்பி முனைக்குப் போவது? நாலு வரிசைத் தையலில் எத்தனை வரிசை பொய்யோ? முன்னறைத் தரையில் பாயை விரித்து, முட்டி போட்டு, டேப்பை வைத்து அளந்துகொண்டே போனாள். மூன்றைக் கழித்துக் கழித்து. முப்பத்தைந்து அடி. மறுபடி அளந்தாள். முப்பத்தைந்து. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பின்னாலேயே வந்த மெக்கானிக் வாசற்படியில் நின்றார்.

"என்னங்க, என் கை சரியாத்தான் தைச்சிருக்கு. உங்க அளவுதான் தப்பு."

"நானா? ரெண்டு தடவை அளந்தேன்."

"எதால அளந்தீங்க?"

"என் இரும்பு டேப்போட ஸ்பிரிங் போயிடுச்சு. நீ குளிக்கப் போனப்ப ஆணியில மாட்டியிருந்த உன் டேப்பை எடுத்துட்டுப் போனேன். ஒரு டேப்புக்கு அஞ்சடி. ஏழு தடவை வெச்சேன். ஏழஞ்சு முப்பத்தஞ்சு."

ஊசியக்கா அவரையே பார்த்தாள். கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, நைந்த முனையை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"இது எந்த நம்பர்ல ஆரம்பிக்குது, படிங்க."

அவர் சட்டைப்பையில் கண்ணாடி தேடினார். மாட்டினார். குனிந்தார்.

"மூணு" என்றார். குரல் உள்ளே போய்விட்டது.

முப்பத்து மூன்று வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியவருக்கு, பெண்டாட்டி கழுத்தில் தொங்கும் டேப் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? அவளும் ஒரு நாள் எழுந்துபோய்த் தன் கையால் அளந்திருந்தால் இந்த வினை வந்திருக்காது. பயம் அவளை வீட்டிலேயே உட்காரவைத்தது. பயந்த இடத்துக்கே அவளைக் கொண்டுபோகவிருந்ததும் அதே பயம்தான்.

அவள் விரலை மடக்கினாள். ஏழு தடவை, தடவைக்கு மூன்று அங்குலம், இருபத்தொன்று. பாய் அதிகமாக இருந்தது சரியாக அவ்வளவுதான். பிறகு அவள் விரல்கள் நின்றன. முகம் மாறியது.

"மரத்தை எத்தனை டேப் வெச்சீங்க?"

"எட்டு."

"எட்டு மூணு இருபத்தி நாலு. ரெண்டடி." அவள் எழுந்து நின்றாள். "மரம் நாப்பது இல்லீங்க, முப்பத்தெட்டு. தண்ணியிலேர்ந்து நாப்பத்தி ஒண்ணு. பாலத்துக்கு அடியில போகும்!"

மெக்கானிக் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். "போகும்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "எனக்கும் பயந்தான். இன்ஜின் ரூம்ல கடல் தெரியாது பாரு. சொல்லிட்டோமேன்னு..." என்று முடிக்காமல் விட்டார்.

அவள் சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து, படத்தில் முனைமேல் வைத்தாள்.

அன்று இரவே பாயின் அடியில் இருபத்தொரு அங்குலத்தை வெட்டி மடித்துத் தைத்தாள். மறுநாள் காலை முதன்முதலாக அந்தப் படகில் ஏறினாள். ஏறும்போது படகு லேசாகச் சாய்ந்ததற்கே கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அடிக்கு அடி சிவப்பு நூலில் அடையாளம் தைத்த பட்டைநாடா ஒன்றைக் கொண்டுபோயிருந்தாள். அதைக் கயிற்றில் கட்டி மர உச்சிவரை ஏற்றி, கீழ்நுனியில் ஈயக்குண்டு கட்டித் தண்ணீரைத் தொடவிட்டாள். நாற்பத்தொன்று. காலையில் பார்த்தாள், மத்தியானம் பார்த்தாள், சாயங்காலம் பார்த்தாள். பட்டறைக்காரர் "அக்கா, மரம் வளருதான்னு பாக்கறீங்களா?" என்றார். அவள் சிவப்பு நூல் அடையாளங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு அடிதான் மிச்சம். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். தலைக்குமேல் இரும்பு வரும்போது ஒரு சாணும் கணக்குத்தான்.

கிளம்பும் காலை அண்ணி வந்தாள். பழைய துணி ஒன்றைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால், அன்றைக்குக் கரை ஒதுங்கிய பாயிலிருந்து வெட்டிய ஒரு கை அகலத் துண்டு. நடுவில் பதினாறு வயதுக் கை போட்ட ஒட்டு.

"கொடியாக் கட்டிக்க. காத்து எந்தப் பக்கம்னு அவரு சொல்லட்டும்."

ஊசியக்கா அதை ஒரு குடைக்கம்பியில் ஓரம் மடித்துத் தைத்தாள். மெக்கானிக் கயிற்றில் ஏற்றி மர உச்சியில் நிற்கும்படி கட்டினார். அண்ணி கரையில் நின்றாள். ஜன்னல் பக்கம் போகவில்லை, நேராக வேலைக்குப் போய்விட்டாள்.

முதல் மூன்று நாள் கரையோரமாகவே ஓட்டம். ஊசியக்கா இடுப்புவாரைக் கழற்றவேயில்லை. தூங்கும்போதும் கட்டிக்கொண்டே தூங்கினாள். சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை தூரத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்ததை மெக்கானிக் காட்டினார். அங்கிருந்துதான் மணல்திட்டு ஆரம்பம் என்றார். அவள் பார்த்தாள். இருபத்தாறு வயது முகம் ஒன்று அந்த வெள்ளைக்குள் இருப்பது போலத் தோன்றி, உடனே கண்ணை மூடிக்கொண்டாள். படகு ஆற்று வாய்க்குள் திரும்பியது. அலை அடங்கியது. பயம் மட்டும் அடங்கவில்லை. ஏனென்றால் இன்னும் பாலம் இருக்கிறது.

கால்வாயில் இரண்டாம் நாள், காலை ஒன்பது மணி இருக்கும். வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. கறுத்த இரும்பு, குறுக்கே குறுக்கே தடித்த உத்தரங்கள். தூணில் வெள்ளை எழுத்தில் 42. படகிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எந்த மரமும் எந்தப் பாலத்தையும் இடிக்கத்தான் போகிறது போலத் தெரியும். இது தெரிந்திருந்தும், நாடாவை இன்னும் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அளந்தது மூன்று தடவை. ஆனால் இரண்டு தடவை அளந்தவரும் தப்பாகத்தானே அளந்தார்.

பாலத்தின்மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். "ஏய்! இடிக்கும்! நிறுத்துங்க! இடிக்கும்!"

மெக்கானிக்கின் கை இன்ஜின் விசைக்குப் போனது. "என்ன சொல்றே? பின்னால எடுக்கவா?"

"எடுக்காதீங்க" என்றாள் ஊசியக்கா. முன்நுனியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "மெதுவாப் போங்க. நிறுத்தாதீங்க."

"நிச்சயமா?"

"நான் அளந்தது."

பாலத்தின் நிழல் முதலில் அவள்மேல் விழுந்தது. குளிர்ந்தது. பிறகு மேலே சத்தம்.

டிக்.

மரம் முறிந்து தலையில் விழப்போகிறது என்று குனிந்தாள். டிக். அடுத்த உத்தரம். டிக். பின்னால் மெக்கானிக் "ஐயோ, ஐயோ" என்று முனகியது கேட்டது. ஆனால் படகு நிற்கவில்லை, மரம் அசையவில்லை. டிக். ஐந்தாவது உத்தரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. கொடி! ஒரு சாண் ஒரு நூல் என்று மரத்தை அளந்தவள், உச்சியில் தானே தைத்து ஏற்றிய ஒன்றரை அடிக் குடைக்கம்பியைக் கணக்கில் சேர்க்கவில்லை. கம்பி ஒவ்வொரு உத்தரத்திலும் வளைந்து, தாண்டி நிமிர்ந்து, அடுத்ததைத் தட்டிக்கொண்டு வந்தது.

பதினொரு தட்டு. பிறகு வெயில்.

கடைசித் தட்டில் கட்டு அவிழ்ந்து கம்பியும் கொடியும் அவள் காலடியில் வந்து விழுந்தன. கம்பி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அவள் கொடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டு அப்படியே இருந்தது.

பாலத்தின்மேலிருந்து தூண்டில்காரர் கத்தினார்: "நல்ல வேளை! பாத்துப் போகக் கூடாதா?"

"பாத்துத்தாங்க வந்தோம்" என்று மெக்கானிக் கத்தினார். பிறகு சுக்கானை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். படகு கரைப் புல்லில் போய்ச் சொருகி நின்றது. ஊசியக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் கால்வாய் முடிந்தது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது முனை பின்னால் இருந்தது, மங்கலாக, ஒரு கோடு போல. இன்னும் ஐந்து நாள் கடல் பாக்கி. அவள் இடுப்புவாரின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். முதல் சிற்றூரில் நங்கூரம் போட்டதும் அண்ணிக்குப் போன் பண்ணினாள்.

"தாண்டிட்டோம் அண்ணி. உள்ளாலேயே."

அந்தப் பக்கம் துணி வெளுக்கும் மிஷின்களின் இரைச்சல் கேட்டது. அதைத் தாண்டி அண்ணியின் குரல் வந்தது.

"ம். திரும்பி வரப்பவும் உள்வழியாவே வா."

"நான் பஸ்ல வருவேன் அண்ணி" என்றாள் ஊசியக்கா.